வயிற்று வழிக் கதீட்டர்: வீட்டுக்கு அனுப்பும் முன் சொல்ல வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீர் அடைத்துக்கொண்டு, கீழ்வழியாகக் குழாய் செலுத்தவும் முடியாத நோயாளிகளுக்கு, அடிவயிற்றில் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே துளையிட்டு நேராகச் சிறுநீர்ப்பைக்குள், சிறுநீரை வெளியேற்றும் கதீட்டர் என்னும் குழாயை வைக்கிறார்கள். என் தந்தைக்கும் அவ்வாறு வைத்தார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும் சிறிய சிகிச்சை என்று சொன்னவர்கள் அதன் ஆபத்துகளைச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியவில்லை.

சிறுநீர்ப்பை நன்றாக நிறைந்திருக்கும்போது அது மேலெழும்பிக் குடலை ஒதுக்கிவிட்டு வயிற்றுச் சுவரை ஒட்டி நிற்பதால், துளையிடும் ஊசி குடலைத் தொடாமல் உள்ளே செல்கிறது. ஆனால் பை போதிய அளவு நிறையாமலோ, நாட்பட்ட நோயால் சுருங்கிப்போயோ இருந்தாலும், முன்பு செய்த அறுவை சிகிச்சையின் விளைவாகக் குடல் அடிவயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும், அந்த ஊசி குடலைத் துளைத்துவிடக்கூடும். என் தந்தையின் அடிவயிற்றில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

மறுநாள் அவருக்கு வயிறு உப்பி வலி கூடியபோது, துளையிட்ட இடத்தின் வலிதான் என்று நினைத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். காய்ச்சலும் வாந்தியும் வந்த பிறகே மருத்துவமனைக்குத் திரும்பினோம். குடலில் ஓட்டை விழுந்திருந்தது. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் பிழைத்தார். அந்த ஒரு நாள் தாமதம் இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிரிட்டனின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2009ஆம் ஆண்டிலேயே, இச்சிகிச்சையில் குடல் துளைபட்டதால் நேர்ந்த 3 மரணங்களையும் 7 கடும் பாதிப்புகளையும் சுட்டிக்காட்டி, இயன்றவரை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்தபடியே குழாயைச் செலுத்த வேண்டும் என்று எச்சரித்தது. சிலருக்குக் குடலை ஊடுருவிச் சென்ற குழாய் வாரக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து, முதன்முறை மாற்றும்போது மலம் கசிவதைக் கண்டுதான் தெரியவருவதும் உண்டு.

ஓரிரு நாள் சிறுநீரில் இலேசாக இரத்தம் கலந்து வருவது வழக்கமானதே. இரத்தம் கட்டிகட்டியாக வந்தாலோ, குழாயில் சிறுநீர் இறங்காமல் நின்றாலோ காத்திருக்கக் கூடாது. முதல் நான்கு வாரங்களில் துளையின் பாதை உறுதிப்பட்டிருக்காது என்பதால், குழாய் நழுவி வெளியே வந்துவிட்டால் அதை வீட்டிலேயே திரும்பச் செருக முயலாமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சிறிது நேரத்திலேயே வழி மூடிக்கொள்ளத் தொடங்கிவிடும். மார்புப் பகுதியிலோ அதற்கு மேலோ தண்டுவடம் காயமுற்றவர்களுக்குக் குழாய் அடைத்துக்கொண்டால் இரத்த அழுத்தம் திடீரென உயர்ந்து, கடுந்தலைவலியும் வியர்வையும் உண்டாகலாம். அது உயிருக்கே ஆபத்தான நிலை என்பதை அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

மருத்துவர்களைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. பலருக்கு இக்குழாய் பெரும் நிம்மதி தருவதை நான் அறிவேன். குழாய் வைக்கும் முன் பழைய அறுவை சிகிச்சைகளையும், இரத்தம் உறையாமல் இருக்க உட்கொள்ளும் மருந்துகளையும் விசாரித்து, ஸ்கேனும் பார்த்துவிட்டு, மேற்சொன்ன அறிகுறிகளையும் இரவிலும் அழைக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணையும் தமிழில் அச்சிட்ட ஒரு தாளை நோயாளியின் குடும்பத்தாரிடம் கொடுத்தனுப்ப வேண்டும் என்பதே என் வேண்டுகோள். தங்கள் மருத்துவப் பகுதியிலும் இது குறித்து ஒரு சிறுநீரகவியல் மருத்துவரின் விரிவான கட்டுரையை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்