186-இல் நின்ற இன்ஹேலர்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு அமெரிக்க விமானப்படையில் பைலட் பயிற்சிக்கான மருத்துவ வேவர், அதாவது மருத்துவ விதியிலிருந்து விலக்கு, கிடைக்கவில்லை. "நல்ல சேதிதானே?" என்று போனில் கேட்கிறவர்களிடம் இழுத்து இழுத்துப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் எட்டு மாதம் எங்களோடு சேர்ந்து ஓடியவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கல்லூரியில் ஆர்.ஓ.டி.சி.யில், அதாவது மாணவர்களை ராணுவ அதிகாரிகளாக்கும் பயிற்சியில், இருந்தாள். பைலட் இடத்துக்குத் தேர்வானதும் ஒஹையோவில் ரைட்-பேட்டர்சன் தளத்துக்குப் போய் மருத்துவப் பரிசோதனை. கண், காது, இதயம் எல்லாம் தேறியது. இடித்தது ஒரு பழைய மருந்துச் சீட்டு. 14 வயதில் ஃப்ளூ வந்து போன பிறகும் இருமல் நிற்காததால் ஒரு கிளினிக்கில் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். பதிவில் 'ஆஸ்துமா' என்று ஒரே ஒரு வார்த்தை. 13-வது பிறந்தநாளுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்ததாகப் பதிவு இருந்தாலே ராணுவ விதிப்படி தகுதியில்லை. சேர வேண்டுமானால் வேவர் வேண்டும். ஒன்றரை வருடம் முன்னால் இருமித் தொலைத்திருக்கக் கூடாதா என்று என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்றும் எங்களுக்குப் புரிந்திருக்கவில்லை. அதிகாரியாகச் சேர ஒரு வேவர், விமானம் ஓட்ட இன்னொரு வேவர். முதலாவது முன்பே கிடைத்துவிட்டதால் தடையெல்லாம் தீர்ந்தது என்று நானே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அந்த அவசரம் என்னுடையது, மகளுடையது அல்ல.

மருந்துக் கடையில் இருக்கும் அந்த அம்மாவுக்கு என் முதல் நன்றி. கிளினிக்கிலிருந்து முழுப் பதிவும் வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சட்டப்படி 30 நாளுக்குள் தர வேண்டும். நாங்கள் மூன்று முறை எழுதினோம். நீங்களோ வரிசையில் ஆறு பேர் நின்றுகொண்டிருக்க, பழைய கணக்கைத் தேடி எடுத்து அச்சடித்துக் கொடுத்தீர்கள். ஒரே முறை வாங்கியது, மறுபடி வாங்கவே இல்லை என்பதற்கு எங்கள் கையில் இருந்த ஒரே தாள் அது. அன்று இரவுதான் மேசை இழுப்பறையின் அடியிலிருந்து அந்த இன்ஹேலரே கிடைத்தது. அதன் முதுகில் இருக்கும் சின்ன எண்ணி 200-இல் தொடங்கும், ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒன்று குறையும். 186-இல் நின்றிருந்தது. "இதையும் அனுப்பலாமா அப்பா?" என்று கேட்டாள். அனுப்ப முடியாது என்று தெரிந்தும், போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

நுரையீரல் ஆய்வகத்தில் பரிசோதனை செய்த தம்பிக்கு அடுத்த நன்றி. மெத்தகோலின் சோதனையை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. மருந்தைப் புகையாக உள்ளிழுக்க வேண்டும், பிறகு முழு மூச்சையும் ஊதிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மருந்தின் அளவு ஏறும். முதல் நொடியில் வெளியேறும் காற்று 20 சதவீதம் குறைந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். கடைசி அளவு வரைக்கும் போயும் அவளுக்கு 7 சதவீதம்தான் குறைந்தது. ஒவ்வொரு முறையும் "ஊது, ஊது, இன்னும், இன்னும்" என்று நீங்கள் கத்தியது கண்ணாடிக்கு வெளியே கேட்டது. உள்ளே அவள் ஊத, வெளியே நானும் ஊதிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் இணைத்து அனுப்பியும் பதில் இரண்டு வரியில் வந்தது. அன்றைக்கு வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் ஓய்வு பெற்ற விமானப்படை மருத்துவர் ஒருவர், நண்பரின் நண்பர், எங்களுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கினார். ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அதுவரை பேசிய எல்லோரும் "விடாதீர்கள், நிச்சயம் கிடைக்கும்" என்றே சொன்னார்கள். பாசத்தில் சொன்னதுதான், ஆனால் அது அவளை ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தது. நீங்கள் கடிதத்தை இருமுறை படித்துவிட்டு, அவளைப் பார்த்து, "உனக்கு நோய் இருக்கிறது என்று இதில் எங்கேயும் இல்லை. இந்த ஆபத்தை ஏற்க மாட்டோம் என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல" என்றீர்கள். முகமூடி வழியாக வரும் வறண்ட ஆக்சிஜன், காக்பிட்டில் புகை வந்தால் என்ன ஆகும், பயிற்சி முடித்து பைலட்டுக்கான விங்ஸ் பேட்ஜ் வாங்கிய பிறகு 10 வருடம் பணியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, அத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறை மூச்சு இறுகினாலும் பக்கத்தில் யாரும் இல்லாத நிலை, எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினீர்கள். புதிய மருத்துவத் தகவல் எதுவும் இல்லாமல் அதே காகிதங்களைத் திரும்ப அனுப்புவதில் பயனில்லை என்றும் நேராகச் சொன்னீர்கள். அவள் அழுதாள். ஆனால் அன்று இரவு தூங்கினாள்.

அவளுடைய பிரிவின் கேப்டன் அவர்களே, பைலட் இடம் போனதும் நீங்கள் அவளை ஒதுக்கிவிடவில்லை. விமானப் பராமரிப்பு அதிகாரிகள் இருவரிடம் பேச வைத்தீர்கள். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனாள், அதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். இப்போது அந்தப் பணியில்தான் இருக்கிறாள். எஞ்சின் பற்றி என்னிடம் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை.

அந்தப் பழைய பதிவைச் சொல்லாமல் மறைத்திருக்கலாமே என்று யோசனை சொன்ன ஒரு நல்லவரும் இருக்கிறார். அவருக்கு நன்றி கிடையாது. கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அரசுப் படிவத்தில் பொய் சொன்னால், பின்னால் அது வெளிவரும் நாளில் வேலையும் போகும், பெயரும் போகும்.

கடைசியாக, அமெரிக்காவில் சிவில் விமானங்களைக் கவனிக்கும் எஃப்.ஏ.ஏ.வின் சார்பில் சான்றிதழ் தரும் மருத்துவர். ராணுவத்தின் 'இல்லை'யைப் பார்த்தபின் சிவில் பக்கமும் கதவு அடைத்துவிட்டது என்றே நினைத்திருந்தோம். இது வேறு விதி, கட்டுக்குள் இருக்கும் லேசான ஆஸ்துமா என்றால் உரிய காகிதங்களைப் பார்த்து நானே சான்றிதழ் தரலாம் என்றீர்கள். அதே மருந்துக் கடைத் தாளும் அதே 7 சதவீதமும் இங்கே செல்லுபடியாயின. வெளியே வரும்போது சொந்தமாக விமானம் ஓட்டப் போதுமான 'மூன்றாம் வகுப்பு' மருத்துவச் சான்றிதழ் அவள் கையில் இருந்தது. விடுமுறை நாட்களில் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் பயிற்சி எடுக்கிறாள். என்னை எப்போது ஏற்றிக்கொண்டு போவாய் என்று கேட்டேன். "லைசென்ஸ் வாங்காமல் ஆளை ஏற்றக் கூடாது அப்பா, விதி" என்கிறாள்.

மருந்துக் கடை அம்மா, தாளைச் சுருட்டி வைத்துக் கொடுத்த அந்த நீல ஃபைல் உங்களுடையது. இந்தச் சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
அவளுடைய அப்பா