செந்திலுக்கு, கால் வலி பற்றி

அன்புள்ள செந்திலுக்கு,

நீ அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்தேன். எல்5-எஸ்1 டிஸ்க், அதாவது முதுகெலும்பின் அடியில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது, பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றதும் ஆபரேஷன்தான் என்று நீயாகவே முடிவு கட்டிவிட்டாய். எலும்பு வார்டில் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், பதறாதே. வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் பலருக்கு டிஸ்க் பிதுக்கம் இருக்கும். ரிப்போர்ட்டைவிட உன் கால் என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம்.

டிஸ்க் நுங்குச் சுளை மாதிரி, வெளியே உறை, உள்ளே கூழ். குனிந்து 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கினாயே, அப்படிப்பட்ட நேரத்தில் உறை கிழிந்து கூழ் பிதுங்கி நரம்பின் வேரில் முட்டும். அதனால்தான் அடிபட்டது இடுப்பில் என்றாலும் வலி புட்டம், பின்தொடை, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை சுரீரென்று இறங்குகிறது. இருமினால், தும்மினால் கூடும். பிதுங்கிய கூழைப் பெரும்பாலும் உடம்பே மெல்லக் கரைத்துவிடும். 6 முதல் 12 வாரத்தில் நிறைய பேருக்கு வலி நன்றாகத் தணிந்துவிடும்.

அத்தை ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்காதே என்றாளாம். முன்பு டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள், இப்போது சொல்வதில்லை. படுத்தே கிடந்தால் தசை தளர்ந்து குணமாவது தள்ளிப்போகும். வலி பொறுக்கிற அளவுக்கு வீட்டுக்குள்ளேயே அடிக்கடி நட. லேப்டாப் முன்னால் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திரு. ஒருக்களித்துப் படுத்தால் முட்டிகளுக்கு நடுவே தலையணை வை. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். கால் முதலில் வெளிவந்து பிறந்தவரை வைத்து இடுப்பில் உதைக்கச் சொல்வது, மிதிக்கச் சொல்வது எதுவும் வேண்டவே வேண்டாம். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. நரம்பு வலி மாத்திரை கொடுத்திருந்தால் தலை சுற்றலாம், பைக்கைத் தொடாதே. சியாட்டிகாவுக்கு, அதாவது இப்படி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு, அந்த மாத்திரை எல்லோருக்கும் பலன் தருவதில்லை, தேவைதானா என்று டாக்டரிடமே கேள். ஆனால் நீயாகச் சட்டென்று நிறுத்தாதே.

இனி சொல்வதைக் கவனமாகப் படி. மலம் கழுவுகிற இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போனால், சிறுநீர் வராமல் அடைத்தால், தெரியாமல் கசிந்தால், இரண்டு கால்களும் தளர்ந்தால், இதில் எது ஒன்று நேர்ந்தாலும் விடியட்டும் என்று இருக்காதே. அந்த ராத்திரியே எமர்ஜென்சிக்குப் போ. அந்த நிலைமைக்கு ஆபரேஷன் உடனே வேண்டும், தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். வார்டில் இதை யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள், கூச்சம். நாங்கள்தான் கேட்டு வாங்குவோம். நீ கூச்சப்படாதே.

அப்புறம் ஒரு வேலை. சுவரைப் பிடித்துக்கொண்டு வலிக்கிற இடது காலில் மட்டும் நுனிவிரல்களில் எழும்பிப் பார், வலது காலோடு ஒப்பிடு. பிறகு குதிகாலால் நாலடி நட. பாதம் தொங்குகிறதா, எந்த விரல் மரத்திருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல். எழும்பவே முடியவில்லை, பாதம் தொங்குகிறது என்றால் ஞாயிறு வரை பார்க்காதே. அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் எனக்குப் பேசு.

அன்புடன்,
அம்மா