டேட்டன் நீதிமன்றத்துக்கு ஒரு நாள் பயணம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை நம் தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளை டென்னஸி மாநிலத்தில் உள்ள டேட்டனுக்கு அழைத்துப் போகிறோம். பார்க்கப்போவது அங்குள்ள ரே கவுண்டி நீதிமன்றம். "வழியில் சாட்டனூகா அக்வேரியம் இருக்க, கோர்ட்டுக்கா?" என்று சிலர் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

1891-இல் கட்டிய செங்கல் கட்டடம், மணிக்கூண்டோடு நிற்கிறது. 1925 ஜூலையில் அதன் மாடி அறையில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர்மீது வழக்கு நடந்தது. பைபிள் சொல்லும் படைப்புக்கு மாறாக, மனிதன் விலங்கிலிருந்து வந்தான் என்னும் பரிணாமக் கொள்கையைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அதைத் தடுக்கும் பட்லர் சட்டம் அந்த மார்ச்சில்தான் வந்திருந்தது. ஊருக்குப் பெயர் கிடைக்கட்டும் என்று டேட்டன் பிரமுகர்கள் ஒரு மருந்துக்கடையில் உட்கார்ந்து போட்ட திட்டம்தான் இந்த வழக்கு; குற்றம் சாட்டப்பட்டவராக நிற்கிறீர்களா என்று ஸ்கோப்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், அவரும் தலையாட்டிவிட்டார். வாத்தியார்களை எதிலெல்லாம் இழுத்துவிடுகிறார்கள் பாருங்கள்!

கூட்டம் தாங்கவில்லை, வெயிலும் கொளுத்தியது. ஜூலை 20 அன்று, கீழ்த்தளக் கூரையில் விரிசல் தெரிவதாகச் சொல்லி நீதிபதி ரால்ஸ்டன் விசாரணையைப் புல்வெளிக்கு மாற்றினார். அங்கேதான் ஸ்கோப்ஸின் வக்கீல் கிளாரன்ஸ் டாரோ, எதிர்த்தரப்பு வக்கீல் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே சாட்சியாக உட்காரவைத்து பைபிளைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டார். இன்று அந்த வளாகத்தில் இருவருக்கும் சிலை இருக்கிறது. 2005-இல் பிரையனுக்கு வைத்தார்கள். டாரோ 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜூரி ஒன்பதே நிமிடத்தில் 'குற்றவாளி' என்றது. அபராதம் 100 டாலர். 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை ஜூரிதான் விதிக்க வேண்டும், இதை நீதிபதி விதித்துவிட்டார் என்று காட்டி 1927-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. பட்லர் சட்டமோ 1967 வரை ஏட்டில் இருந்தது.

மதம் சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே என்று தயங்கிய பெற்றோருக்கு: எந்தப் பக்கமும் நாங்கள் பேசப்போவதில்லை. சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு என்ற சொற்களைப் பிள்ளைகள் அந்த இடத்திலேயே பழக வேண்டும், அவ்வளவுதான். ஹோவர்ட் மோர்கன் என்ற 14 வயது மாணவனும் அங்கே சாட்சி சொன்னான். இந்தப் பாடத்தால் உனக்கு ஏதாவது கெடுதல் வந்ததா என்று டாரோ கேட்டபோது, "இல்லை ஐயா" என்றான். அந்தக் காட்சியைப் புல்வெளியில் தமிழில் நடிக்கப்போகிறோம். ஹோவர்டாக நடிக்க இப்போதே ஐந்து பேர் கை தூக்கியிருக்கிறார்கள். நீதிபதியாக ஒருவரும் வரவில்லை.

பேருந்து காலை 6 மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து கிளம்பும். மதியத்துக்குப் புளியோதரை, தயிர்சாதம் போதும். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கட்டாயம். ஒப்புதல் படிவத்தை அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வரும்போது கொடுத்துவிடுங்கள். தாத்தா பாட்டிகளுக்கு நான்கு இடம் இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியை