மங்கல இசைக்கு அரை மணி நேரம் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மார்கழி வந்தால் சென்னை சபாக்களின் கச்சேரிப் பட்டியலையும் கேன்டீன் பலகாரங்களையும் பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். போடுங்கள், நானும் விரும்பிப் படிப்பவன்தான். ஆனால் அந்தப் பட்டியலில் நாதஸ்வரம் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். பெரும்பாலும் தொடக்க விழா அன்று, சிறப்பு விருந்தினரின் கார் வந்து சேரும்வரை, ‘மங்கல இசை’. பாதி நாற்காலி காலியாக இருக்கும். ஆலாபனை சூடுபிடிக்கிற நேரம் பார்த்து யாராவது ஓரத்தில் வந்து நின்று கையைக் காட்டுவார். அவ்வளவுதான், அரை மணியில் கதை முடிந்தது.

சின்ன ஊர்க்காரர்கள் இதைவிட நன்றாகச் செய்யலாம். எங்கள் தெருவில் சிலர் சேர்ந்து சில ஆண்டுகளாக மூன்று நாள் நாதஸ்வர விழா நடத்துகிறோம். அதில் வரவு செலவு என் பொறுப்பு. என்னிடம் ராகம் கேட்காதீர்கள். காசு எங்கே போகிறது என்று கேட்டால் சொல்வேன்.

முதலில் காலம். மேளக்காரர்களுக்கு வருமானமே முகூர்த்தத்தில்தான். வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே நாளில் இரண்டு வீட்டில் கூப்பிடுவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களைக் கைமாற்று வாங்கித் தள்ளுகிற குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ. அதனால்தான் விழாவை மார்கழியில் வைக்கிறோம். இதில் எங்களுக்கும் ஆதாயம் உண்டு. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் கல்யாண மண்டபமும் பூட்டித்தானே கிடக்கிறது? கரண்ட் பில்லும் துப்புரவுக் கூலியும் கொடுத்தால் போதும் என்று மண்டபக்காரர் சாவியைத் தந்துவிடுகிறார். மழை பெய்தாலும் பயமில்லை. சாப்பாட்டுக் கூடம், உடை மாற்ற அறை, கழிப்பறை எல்லாம் அங்கேயே. வெட்டவெளியில் பந்தல் போடுகிறவர்கள் மறந்துவிடுவது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். நாதஸ்வரம் வாசிக்கும் பெண்களை மேடைக்கு அழைத்துவிட்டு, கைகால் கழுவப் பக்கத்து வீட்டைக் காட்டுவது என்ன மரியாதை?

அடுத்தது சன்மானம். ‘உங்களுக்கு ஒரு வாய்ப்புத் தருகிறோம்’ என்று பேச்சை ஆரம்பிக்கிற விழாக் குழுவைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். திருவையாறு தியாகராஜர் ஆராதனையைக் காட்டுவார்கள்: அங்கே எவ்வளவு பெரிய வித்வானும் காசு வாங்காமல் வந்து பாடுகிறாரே என்று. பாடுகிறார்தான். அது தியாகராஜருக்குச் செலுத்தும் அஞ்சலி. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் கைப்பொருளைச் செலவழித்து அவர் சமாதியைக் கட்டி எழுப்பிய இடம் அது. நம் தெருமுனை விழாவில் சமையல்காரருக்கும் லைட் செட்டுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டு, வாசிக்கிறவரிடம் மட்டும் ‘சேவையா நினைச்சுக்குங்க’ என்பதற்குத் திருவையாற்றை இழுக்கலாமா?

எங்கள் வழக்கம் இதுதான். கூப்பிடும்போதே தொகையைச் சொல்லிவிடுவோம். நாதஸ்வரம், தவில், தாளம், சுருதிப்பெட்டி என்று ஆளுக்கொரு கவர், அதுவும் மேடை ஏறுவதற்கு முன்னால். கச்சேரி முடிந்து பொருளாளரைத் தேடிப்பிடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விடும் என்பது மேளக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. பொன்னாடை கிடையாது. எந்த வித்வான் வீட்டு பீரோவைத் திறந்தாலும் பொன்னாடைதான் குவிந்திருக்கிறது, அதைக் கொடுத்து மளிகை வாங்க முடியுமா? எல்.இ.டி. திரையும் வேண்டாம் என்றோம். இளைஞர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். அந்தத் திரையின் வாடகையில் இன்னொரு மேளச் செட்டையே அழைக்கலாம் என்று கணக்கைக் காட்டியதும் சரி என்றார்கள்.

மைக் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கோயில் வீதியில் மக்கள் கூட்டத்துக்கு நடுவே வாசிக்கிற வாத்தியத்தின் அணசு என்கிற அகன்ற வாய்க்குள் மைக்கைத் திணித்து, தவிலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்து, வெளியே கூம்பு ஸ்பீக்கரையும் கட்டிவிட்டால் கேட்பவன் எழுந்து ஓடத்தான் செய்வான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் அளவு, இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. நாங்கள் மைக்கைத் தள்ளி வைத்து, ஒன்பதரைக்குள் முடித்துவிடுகிறோம். அதற்குள் ஒரு செட்டுக்கு இரண்டரை மணி நேரம் முழுசாகக் கிடைக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் தோடி வாசித்த மண் இது. நின்றுகொண்டு வாசித்த காலத்தில், மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நிலைநாட்டியவர் அவர். அவர் வழி வந்தவர்களுக்கு அரை மணி நேரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கடைசி நாள் காலை கச்சேரி இல்லை, குழந்தைகளுக்கு விட்டுவிடுகிறோம். வாத்தியத்திலிருந்து நூலில் தொங்கும், வாயில் வைத்து ஊதுகிற சீவாளிகளில் ஒவ்வொன்றாக எடுத்து, நாக்கில் ஈரப்படுத்தி, ‘பீ’ என்று ஊதிப் பார்த்து, இது வேண்டாம், இது சரி என்று வித்வான் ஒதுக்குவதைப் பையன்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். தவில்காரரின் விரல்களில் துணியும் பசையும் சுற்றி இறுகிய கூடுகளைத் தட்டிப் பார்க்கிறார்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளும் அன்று வந்து வாசிக்கிறார்கள். அவர்களுக்கும் கவர் உண்டு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் இன்னும் பதியாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தர, வாசலில் ஒரு மேசை போட்டு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். 2020 ஊரடங்கில் கல்யாணமும் திருவிழாவும் நின்றபோதுதான் அடையாள அட்டையின் அருமை பலருக்குத் தெரிந்தது.

வருகிறவர்கள் யார் தெரியுமா? கல்யாண வீட்டில் ஓரமாக, ஆகாத சகுனம் என்று பின்னால் நிற்க வைக்கப்படும் அம்மாக்கள் அதே மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து மேளம் கேட்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, சாயங்காலமானால் டி.வி. முன்னால் தனியாக இருக்கும் பெரியவர்கள் மூன்று நாளும் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறார்கள். சாப்பாட்டில் வாசித்தவர்களும் கேட்டவர்களும் ஒரே பந்தி. இதையெல்லாம் இன்னமும் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் வெட்கம்.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகள் மகிழ்ச்சியோடு எழுதின. நல்லது. ஆச்சா மரத்தைக் கடைந்து செய்த அந்த வாத்தியத்தை வாங்குகிறவர் கையில் காசு ஓடினால்தானே பட்டறை ஓடும்?

தங்களிடம் கேட்க ஒன்று உண்டு. விழாச் செய்திகளில் குத்துவிளக்கு ஏற்றியவர், தலைமை தாங்கியவர், நன்றி சொன்னவர் என்று எல்லார் பெயரும் வருகிறது. வாசித்தவரைப் பற்றி ‘முன்னதாக மங்கல இசை நடைபெற்றது’ என்பதோடு சரி. இனிமேல் அந்த வரியில் நாதஸ்வரம் யார், தவில் யார் என்று இரண்டு பெயரையும் சேர்த்துப் போடச் சொல்லி நிருபர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். இடம் போதவில்லை என்றால் நன்றியுரையை வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தஞ்சை மாவட்டம்.