கொப்பரைக்கு முன்பணம் கொடுக்குமுன்

சாயல்குடி

மாப்ள,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாத்தியார் இன்னும் அந்தச் சைக்கிளை விடவில்லை. மற்றதெல்லாம் நேரில்.

கோவாவில் சின்னதாக ஒரு சாராய வடிசாலை போடுகிறாய், அதுவும் நம்ம ஊர்க் கருப்பட்டியில் என்று கட்டையன் சொன்னான். கேட்டதிலிருந்து மனசு நிறைந்து கிடக்கிறது. இங்கே 1987-லிருந்து கள்ளுக்கே தடை. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துத் திக்கம் வடிசாலையில் பனஞ்சாராயம் இறக்கினார்கள்; இத்தனை பனையை வைத்துக்கொண்டு நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் கைக்காசில் பாதி வெளிநாட்டுச் செப்புக் கொப்பரைக்கே போகிறதாமே? பளபளப்பைக் கண்டால் உனக்கு நிற்காது, காரைக்குடிச் சங்கிலிக் காலத்திலிருந்தே. கொஞ்சம் பொறு. அதைச் சொல்லத்தான் அவசரமாக எழுதுகிறேன்.

ருசி ஊறலில், அதாவது புளிக்கிற கருப்பட்டிக் கரைசலில் பிறக்கிறது. கொப்பரை அதில் இருப்பதைப் பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். செம்பு கட்டாயம் வேண்டும். ஈஸ்ட் விடுகிற கந்தக வாடையைச் செம்புதான் பிடித்து வைக்கும். ஆவி போகிற தலையிலும் கழுத்திலும் செம்பு இருந்தால் போதும், அடிப்பாகம் எவர்சில்வரில் இருக்கட்டும். மிச்சக் காசை ஊறல் தொட்டியில் போடு.

கணக்கைப் பார். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை சுமார் ஒரு சதவீத ஆல்கஹால் தரும். ஆயிரம் லிட்டர் ஊறல் 8 சதவீதத்துக்கு வர 136 கிலோ சர்க்கரை, அதாவது ஏறக்குறைய 170 கிலோ கருப்பட்டி. இரண்டு தடவை காய்ச்சி, முதலில் இறங்குகிற தலையும் கடைசியில் இறங்குகிற வாலும் கழித்து, அந்த 80 லிட்டர் ஆல்கஹாலில் 60 நின்றாலே நல்ல கை. தண்ணீர் சேர்த்து 42.8 சதவீதத்துக்கு இறக்கினால் 140 லிட்டர், முக்கால் லிட்டர் புட்டியில் 186. கட்டையன் சொல்கிற முந்நூறு வராது.

இனி சுண்ணாம்பு. என் கவலையெல்லாம் இதில்தான். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பில் கொஞ்சம் கருப்பட்டியோடும் வந்துவிடும். ஒரு வட்டை வெந்நீரில் கரைத்துக் கண்ணாடி ஜாடியில் ஒரு ராத்திரி வை. காலையில் அடியில் வெளிறிய மண்டி நிற்கும்; விரலில் எடுத்துத் தேய்த்தால் மாவாக வழுக்கும், நடுவில் ஓரிரு மணல் நறநறக்கும். அதை அப்படியே ஊறலில் விட்டால் பிஹெச் ஏறும், அதாவது புளிப்பு குறையும். ஈஸ்டுக்கு 4.5 முதல் 5 வரை இருந்தால் தோது. அதைத் தாண்டினால் பாக்டீரியா முந்திக்கொள்ளும். மண்டி கொப்பரைக்குப் போனால் அடியில் படிந்து கருகும், அந்தக் கருகல் வாடை இரண்டாம் காய்ச்சலிலும் போகாது. ஆகவே 80 டிகிரியில் அரைமணி நேரம் வைத்துக் கரை, தெளியவிடு, மேல்நீரை மட்டும் இறக்கு. ஆறியபின் சிட்ரிக் அமிலத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து மீட்டரில் பார். கருப்பட்டியில் நைட்ரஜன் குறைவு, ஈஸ்டுக்குத் தீனியாக லிட்டருக்கு அரை கிராம் டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்) போடு.

சூட்டையும் விடாதே. புளிக்கும்போது தொட்டி தானாகவே சூடேறும். 30, 32-ல் நிறுத்து. 35-ஐத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்து பாதியில் நின்றுவிடும். மிஞ்சிய சர்க்கரையும் கொப்பரையில் கருகும். தொட்டிக்குள் குளிர்நீர்ச் சுருள் இல்லாமல் கோடையில் தொடங்கவே தொடங்காதே.

சீனி கலந்த கருப்பட்டி ஊரெல்லாம் ஓடுகிறது. அதிலும் ஆல்கஹால் குறையாது, ஆனால் பனை இருக்காது. பங்குனி, சித்திரையில் காய்ச்சுகிறவர்கள் வீட்டிலேயே நான் நின்று வாங்கித் தருகிறேன்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. 2024-ல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால். பழத்தின் பெக்டினிலிருந்துதான் மெத்தனால் பெரும்பாலும் வரும், கருப்பட்டி ஊறலில் அது மிகக் குறைவு. ஆனாலும் 64.7 டிகிரியில் கொதிக்கிறது, தலையோடு போய்விடும் என்று எவனாவது சொன்னால் நம்பாதே. முதலிலிருந்து கடைசிவரை கலந்துதான் வரும். வெளியாள் விற்கிற மலிவான ஸ்பிரிட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காதே. ஒவ்வொரு தடவை காய்ச்சியதிலும் கொஞ்சம் ஆய்வகத்துக்கு அனுப்பு.

தலையைக் கழிப்பது அதிலுள்ள நெயில் பாலிஷ் வாடை போவதற்காக. சின்னச் சின்ன ஜாடிகளில் வரிசையாகப் பிடி, மெல்லிய துணி மூடி ஒரு ராத்திரி வை, பாதி தண்ணீர் விட்டு மோந்து பார். நனைந்த அட்டைப்பெட்டி வாடை எந்த ஜாடியில் தொடங்குகிறதோ அங்கிருந்து வால். தெர்மாமீட்டர் துணைக்குத்தான், தீர்ப்பு மூக்குடையது. கொப்பரை இருக்கிற அறையில் திறந்த நெருப்பு கூடாது. ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய்ப் பற்றும். நீராவியில் சூடாக்கு, பாய்லர் வேறு அறையில் இருக்கட்டும். சதவீதத்தை இறக்கச் சேர்க்கிற தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீர்தான், உப்புத் தண்ணீரென்றால் புட்டி கலங்கிவிடும்.

கொப்பரைக்காரனுக்கு இப்போது எதுவும் கொடுக்காதே. லைசென்ஸ் கைக்கு வந்ததும் சொல், ஓலைக் கொட்டானில் பத்துக் கிலோ அனுப்புகிறேன். 50 லிட்டர் டிரம்மில் ஊறல் போட்டு, காலையும் மாலையும் பிஹெச், சூடு இரண்டையும் குறித்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுக் கொப்பரையின் அளவைப் பேசுவோம்.

சேது