டக் டக் என்றது, அவ்வளவுதான்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, கார்தான் காரணம். பத்து நாளாக வீட்டில் அதே பேச்சு. நீ வேறு உன் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிகிறது, மகள் வீட்டுக்கு மூன்று மாசம் பெங்களூர் போகிறேன், வண்டி வேளச்சேரியிலேயே நிற்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். அதனால் என் கதையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், கேள்.

ரிட்டையர் ஆன பிறகு நான் எங்கே கார் எடுக்கிறேன்? திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு போக டவுன் பஸ், காய்கறிக்கு ஸ்கூட்டர். கார் பாட்டுக்கு வேப்பமரத்தடியில் இலையும் பழமுமாகப் போர்த்திக்கொண்டு நிற்கும். போன முகூர்த்தத்தில் புதுக்கோட்டையில் ஒரு கல்யாணம். காலை ஐந்தரைக்குப் பட்டு வேட்டியோடு உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் டக் டக் டக் டக் என்று பல்லி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். சமயபுரம் பூச்சொரிதலுக்கு சீரியல் செட் போட்டதுபோல டாஷ்போர்டில் இருக்கிற விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தது, மங்கியது, மறுபடி எரிந்தது. எஞ்சின், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங், ஒன்று பாக்கியில்லை. வண்டியே போச்சு என்று நினைத்தேன். பின்சீட்டில் இருந்த என் வீட்டுக்காரி "பஸ்ஸுக்கே போயிருக்கலாம்" என்று ஒரே வாக்கியம்தான் சொன்னாள். முகூர்த்தம் போய்விட்டது, பந்தியைப் பிடித்தோம்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பையன் அவன் வண்டியிலிருந்து கேபிள் கொடுத்து ஸ்டார்ட் பண்ணினான். கறுப்பு கிளிப்பை நேரே என் பேட்டரி நெகட்டிவில் மாட்டப் போனவனைத் தடுத்து, கடைசி கிளிப்பை மட்டும் தள்ளி எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டச் சொன்னேன், பேட்டரியில் ஹைட்ரஜன் கசியும், கடைசியில் மாட்டும் இடத்தில்தான் பொறி பறக்கும். எஞ்சின் ஓடியது, ஆனால் இரண்டு விளக்கு அணையவில்லை. சரி என்று ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், கணினியை மாட்டி ஏழெட்டுக் கோளாறு வரிசையாக வாசித்துவிட்டு, ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டி வரும், இருபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். பேட்டரியை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை மறுபடி அதே பல்லி. திருவானைக்காவலில் மரத்தடியில் கடை போட்டிருக்கும் ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தேன். என் வயசு இருக்கும். விளக்கு எதையும் அவர் பார்க்கவில்லை. மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தார், 11.8. "ஆறு செல் சார், ஒண்ணு 2.1 வோல்ட், முழுசா இருந்தா 12.6 காட்டணும். 12.2 வந்தாலே பாதி காலி" என்றார். சாவியைத் திருப்பச் சொன்னார், எண் சரசரவென்று 7க்கு இறங்கியது. ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பத்துக்குப் பக்கத்திலாவது நிற்க வேண்டுமாம். வோல்ட் அப்படி விழும்போது ஏபிஎஸ், ஸ்டியரிங் என்று ஒவ்வொரு கம்ப்யூட்டர் பெட்டியும் தனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று விளக்கைப் போட்டுவிடுகிறது. பசி வந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்களே, அந்த மாதிரி.

அதோடு விடவில்லை அவர். பேட்டரி தலையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்த மாவை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். அப்புறம் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரைச் சேர்த்து, கதவைப் பூட்டிவிட்டு ஒரு காபி குடித்தார். வண்டிக்குள் இருக்கும் பெட்டிகள் தூங்க அரை மணி ஆகுமாம். வந்து பார்த்தால் 180 மில்லி ஆம்பியர். சும்மா நிற்கிற வண்டி 50க்குள்தான் குடிக்க வேண்டும். ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார், எண் அசையவில்லை. கடைசியில் பார்த்தால், என் பிள்ளை லீவில் வந்தபோது மாட்டிவிட்டுப் போன கேமரா, ஒயர் நேரே பேட்டரிக்குப் போகிறது. அதைக் கழற்றியதும் 25. கணக்குப் போட்டேன்: 180 மில்லி ஆம்பியர் ஒரு நாளுக்கு 4.3 ஆம்பியர் மணி, என் பேட்டரி மொத்தமே 35. எட்டு நாளில் மொத்தமும் காலி!

அப்பன் நானும் சளைத்தவனில்லை. ஞாயிறு தோறும் பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஆன் பண்ணி உறுமவிட்டு, பேட்டரி ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐட்லிங்கில், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் கொடுப்பது கொஞ்சம்தான், அதில் பாதி ஏசிக்கும் ஃபேனுக்கும் போய்விடும். நாலு வருஷப் பேட்டரி, அடிக்கடி காலியாகிக் காலியாகித் தகடெல்லாம் சல்ஃபேட் இறுகிப்போய், ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் நிற்கவில்லை. புதுசு போட்டேன். வண்டியில் பதிந்திருந்த கோளாறுக் குறியீடுகளை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டினார், இருபதாயிரம் ரூபாய் ஏபிஎஸ் விளக்கு தானாக அணைந்தது, திரும்ப வரவே இல்லை. இன்னொரு கூத்து, ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் உள்ளே இரண்டு கைப்பிடி வேப்பங்கொட்டை. எலியோ அணிலோ, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருக்கிறது. நல்லவேளை ஒயரைக் கடிக்கவில்லை.

இப்போது உன் விஷயம். மஞ்சள் எஞ்சின் விளக்கு ஒரே சீராக எரிந்தால் பதற வேண்டாம், மெதுவாக ஓட்டிப்போய்க் காட்டு. மினுக்கினால் ஓட்டாதே, எஞ்சின் சரியாக எரிக்காமல் பெட்ரோலை வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வெந்துபோகும். ஓட்டும்போது எண்ணெய்க் குவளைப் படம் போட்ட விளக்கு சிவப்பில் எரிந்தால் மட்டும் வீடு பக்கம்தானே என்று பார்க்காமல் அங்கேயே ஓரம் கட்டி அணைத்துவிடு.

மூன்று மாசம் நிறுத்துவதானால் பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போ. ஹேண்ட் பிரேக் போடாதே, மழைக்காலத்தில் அப்படியே பிடித்துக்கொள்ளும். உன் ஆட்டோமேட்டிக் கியரை பி-யில், அதாவது பார்க்கிங்கில் வைத்து சக்கரத்துக்குச் செங்கல் கொடு. டயரில் காற்று இரண்டு மூன்று பாயிண்ட் கூட இருக்கட்டும். ஆனால் ஒரு சிக்கல். மழை எச்சரிக்கை வந்தால் உங்கள் ஆட்கள் எல்லோரும் வண்டியை மேம்பாலத்துக்கு ஏற்றுவீர்களே, 2024 அக்டோபரில்கூட வரிசையாக நின்றதே, அப்போது உன் வண்டியை யார் எடுப்பது? கீழ்வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து, ஒயர் மாட்டுவதையும் ஒரு தடவை செய்து காட்டிவிட்டுப் போ. உன்னுடையது ஆட்டோமேட்டிக் வேறு, தள்ளினாலும் கிளம்பாது. உங்கப்பா அம்பாசிடரை அம்மா மண்டபம் ரோட்டில் நாம் தள்ளியதெல்லாம் ஞாபகம் இருக்கிறதா? முன்னால் ஹேண்டிலைச் செருகி நாம் சுற்றும்போது அவர் "கட்டை விரலை மடக்காதேடா, எதிர்த்து அடித்தால் ஒடிஞ்சுடும்" என்று திட்டுவார். இந்தக் காலத்து வண்டிக்கு அந்த வசதியும் இல்லை.

நான் இப்போது ஞாயிறு தோறும் கல்லணை போகிறேன். உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாக வாழைத் தோப்பு நடுவே போய் வர ஒரு மணி நேரம் ஆகிறது, பேட்டரிக்கு அது போதும். பஸ்ஸுக்கே போயிருக்கலாம் என்றவள் இப்போது ஏழு மணிக்கே ஃப்ளாஸ்கோடு முன்சீட்டில் உட்கார்ந்துவிடுகிறாள்.

ஒயர் கழற்றப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். உன்னிடம் இல்லையென்றால் சொல், என்னிடம் இரண்டு இருக்கிறது, அடுத்த வாரம் சென்னை வருகிற பையனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மச்சான்,
ஸ்ரீரங்கம்