கேன்டீனைக் குத்தகைக்கு விடும் முன்...

மதிப்பிற்குரிய மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். கேன்டீன் குத்தகை அறிவிப்பைப் பலகையில் பார்த்தேன். வாடகை, முன்வைப்புத் தொகை, கரண்ட் பில், குப்பை என்று எல்லாவற்றுக்கும் நிபந்தனை இருக்கிறது. என்ன சமைக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. நோயாளி சாப்பிடக்கூடிய சாப்பாடு ஒன்றையும் அதில் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் அப்பா உங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வந்துபோகிறவர். கடைமடை ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, நாலு மணி நேரம் மெஷினில் கிடந்து எழுந்தால் பசியில் கண்ணை இருட்டும். உள்நோயாளிக்கு வார்டில் சாப்பாடு வந்துவிடும், அப்பா மாதிரி ஆட்களுக்குக் கேன்டீன்தான். அந்த நேரத்துக்கு அங்கே இட்லி தீர்ந்திருக்கும். இருப்பது பரோட்டா, தக்காளி சாதம், பஜ்ஜி. உப்பைக் குறை, காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடு, தக்காளியும் இளநீரும் வேண்டாம், பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து என்று தாள் எழுதிக் கொடுத்ததும் நீங்கள்தான். வாசலில் இளநீர் வண்டி நிற்பதும் உங்களுக்குத் தெரியும்.

போன வாரம், உப்புக் கம்மியாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். "எல்லாம் மொத்தமா கலந்தாச்சு தம்பி, வேணும்னா ஊறுகா வைக்காம தர்றேன்" என்றார் பரிமாறியவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மடித்தார். பக்கத்தில் ஒரு சர்க்கரை நோயாளி, பாய்லரிலேயே சர்க்கரை கலந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-இலேயே விதி போட்டாயிற்று. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் திடகாத்திரமானவர்கள் போலிருக்கிறது, எதையும் தாங்குவார்கள். 'சோழ வளநாடு சோறுடைத்து' என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். விளைந்த நெல் கொள்முதல் நிலைய வாசலில் நனைந்து கிடக்கிறது, விளைவித்தவர் இங்கே பஜ்ஜி தின்கிறார். சரி, நெல் கதை உங்கள் துறையில்லை.

உப்புக் குறைத்த சோறு, வடித்த காய், மூன்று மணி வரை இட்லி, சர்க்கரை தனியாக டீ. இவ்வளவுதான். உணவு ஆலோசகர் உங்களிடமே இருக்கிறார், பட்டியலை அவரே எழுதித் தரலாம். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் இதையும் நிபந்தனையில் சேர்த்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் மகன்